பச்சையும் பொய் சொல்லும்

செங்கல்பட்டுக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றித்தான் வர வேண்டும். பல்லவர் காலக் குடைவரை அது. பாறைக்குள் சன்னிதி, பாறையே சுவர். அந்தச் சுற்றுப் பாதையில் ஓர் அழிஞ்சில் மரம் நிற்கிறது. கல்யாணம் கூடிவர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும் என்று வருகிறவர்கள் அதனிடம் நேர்ந்துகொள்கிறார்கள். செடிகொடி பார்க்கிற கண்ணுக்கு அந்த மரம் இன்னொரு சேதியும் சொல்லும். அழிஞ்சிலை யாரும் நர்சரியில் வாங்கிவந்து நடுவதில்லை. இந்த வட்டாரத்தின் செம்மண் மேடுகளிலும் கற்குன்றுகளிலும் தானாக வளர்ந்து நின்ற வறண்ட காட்டைச் சேர்ந்தது அது.

அழிஞ்சிலைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கீழே விழுந்த விதை மறுபடியும் ஏறிப்போய்த் தாய் மரத்திலேயே ஒட்டிக்கொள்ளுமாம். பக்திக்கு அழகான கதைதான். காட்டுக்கு வேண்டியது இதற்கு நேரெதிர்: விதை தாயை விட்டு விலகிப் போக வேண்டும். பழத்தை ஒரு பறவை தின்ன வேண்டும், கொஞ்ச தூரம் பறந்துபோய் எச்சமிட வேண்டும், அந்த இடத்தில் ஒரு புதரின் நிழலும் ஒரு மழையும் வாய்க்க வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மரம் நிற்கும், காடு நிற்காது. ஒரு நிலம் நலமாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் பெரிய மரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட, குனிந்து அதன் கன்றுகளைத் தேடுவது நல்லது. முழங்கால் உயரத்தில் சில, இடுப்பளவில் சில, ஆளுயரத்தில் சில என்று எல்லா வயதிலும் கன்று இருந்தால் அந்த இனம் அங்கே குடும்பம் நடத்துகிறது. கிழம் மட்டும் நின்றால், எஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் நிலத்தின் நலத்தை மேலிருந்து பார்ப்பதுதான் வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே வந்து, 10 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகத் தரையைப் படம் பிடிக்கின்றன. படத்தை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். இலையின் உள்ளமைப்போ, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 1-ஐ நெருங்க நெருங்கப் பசுமை அதிகம். பயிர் வாடுகிறதா என்று பார்க்க இதைவிட எளிய கருவி இல்லை.

ஆனால் இந்த எண்ணுக்குச் செடியின் பெயர் தெரியாது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையின் இருபுறமும் காலி மனைகளிலும் புறம்போக்கிலும் மண்டிக் கிடக்கும் வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம், மே மாதத்திலும் பச்சையாக இருக்கும். நன்கு வளர்ந்த காட்டுக்குப் போடும் அதே மதிப்பெண்ணைச் செயற்கைக்கோள் அதற்கும் போட்டுவிடும். ஏரியை மூடிய ஆகாயத்தாமரைக்கும் அப்படியே. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தவை. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்தது. வெயிலும் சாக்கடைச் சத்தும் தாராளமாகக் கிடைத்தால் ஓரிரு வாரத்தில் இருமடங்காகும். அடியில் தண்ணீர் மூச்சுத்திணறிக்கொண்டிருக்க, மேலே படம் பசேலென்று வரும்.

எதிர்ப்புறத்திலும் இதே கோளாறு உண்டு. கோடையில் பழுப்பேறி, முள்ளும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் மேட்டைப் பார்த்து ‘தரிசு’ என்று சொல்லிவிடுகிறோம். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே புதர் அடர்ந்த நிலம் என்று ஒரு வகை இருக்கிறது. தரிசு என்று தாளில் ஏறிய நிலத்துக்கு என்ன நடக்கும் என்று இந்தத் தொழில் பாதையில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்று கம்பெனி வரும். இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு மரம் நடும் விழா வரும். அந்தப் புதர்க்காட்டின் சருகைக் கிளறிப் புழு பிடிக்கத்தான் ஒவ்வொரு குளிர்காலமும் இமயமலை அடிவாரப் பக்கமிருந்து ஆறுமணிக்குருவி வருகிறது. தூங்குமூஞ்சி மரத்தை வரிசையாக நட்டு, அடியில் சுத்தமாகப் பெருக்கி வைத்தால் அதற்கு அங்கே வேலை இல்லை.

ஆகவே பச்சையை விட்டுவிட்டுப் பெயரைப் பார்க்க வேண்டும். அங்கே யார் யார் வாழ்கிறார்கள்?

1970-களில் சிகாகோ வட்டாரத்தில் ஃப்ளாய்ட் ஸ்விங்க், ஜெரால்ட் வில்ஹெல்ம் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். வட்டாரத்தின் ஒவ்வொரு இயல் தாவரத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். எங்கே போட்டாலும் முளைக்கிற, குப்பை மேட்டிலும் தழைக்கிற செடிக்கு 0 அல்லது 1. கலையாத பழைய காட்டைத் தவிர வேறெங்கும் தங்காத பிடிவாதக்காரச் செடிக்கு 9 அல்லது 10. ஓரிடத்தில் கண்ட செடிகளின் சராசரி மதிப்பெண்ணை, செடி வகைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அந்த இடத்தின் தாவரத் தரம் கிடைக்கும்.

நம் வட்டாரத்துக்கு இதை எப்படிப் போடலாம் என்று பார்ப்போம். செங்கல்பட்டு போன்ற கரையோர மாவட்டங்களின் பழைய காட்டை ‘வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு’ என்பார்கள். சாம்பியன், சேத் என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. மழை குறைவு, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனாலும் இலை உதிர்க்காமல், தடித்துப் பளபளக்கும் சிறு இலைகளோடு, குட்டையாக நெருங்கி நிற்கும் காடு. காயா, வீரை, உலக்கைப்பாலை, குருந்து, களா, காரை எல்லாம் அதன் குடிமக்கள். எருக்குக்கு 1, ஆவாரைக்கு 2, களாவுக்கு 4, காயாவுக்கு 8, வீரைக்கு 9 என்று விளக்கத்துக்காக நான் போடுகிறேன். வேலிகாத்தான் வெளியூர்க்காரர் என்பதால் முட்டை.

ஒரு மனைப்பிரிவு ஓரத்தில் 25 வகைச் செடி இருக்கிறது, சராசரி 2 என்றால், 25-இன் வர்க்கமூலம் 5, தரம் 10. ஒரு கோயில் குன்றின் பின்சரிவில் 16 வகைதான், ஆனால் சராசரி 6 என்றால், தரம் 24. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதலாவதற்குப் பரிசு கொடுத்திருப்பார். எண்ணிக்கையை அப்படியே பெருக்காமல் வர்க்கமூலம் எடுப்பதும் இதற்காகத்தான்: பெரிய இடத்தில் செடி வகை எப்படியும் கூடுதலாக இருக்கும், அந்த அனுகூலத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்க.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நிலையில் உள்ள ஒரு துண்டு எங்காவது மிச்சமிருக்க வேண்டும். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கிறது. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள் பக்கத்தில். கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்குள்ளேயே. கொஞ்சம் தெற்கே போனால் புதுச்சேரிப் பக்கம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. எதுவும் தீண்டப்படாத காடல்ல. ஆனாலும் காயாவும் வீரையும் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நிற்பதை அங்கே பார்த்துவிட்டு வந்தால், நம் ஊர்ப் புறம்போக்கு எவ்வளவு தூரம் வழுக்கிவிட்டது என்று புரியும்.

காட்டைவிட ஏரிக் கணக்குதான் சுவாரசியமானது. செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஏரி மாவட்டங்கள். சிங்கப்பெருமாள் கோவில் இரண்டு வடிகால்களின் நடுவே இருக்கிறது. வடக்கே மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி அடையாற்றுக்குப் போகிறது. தெற்கே ரயிலில் செங்கல்பட்டை நெருங்கும்போது ஜன்னலில் விரியும் கொளவாய் ஏரியின் உபரி, நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. மேலேரியின் கலங்கல் நிரம்பி வழிந்தால் அது கீழேரிக்கு வரத்து. அதனால் இங்கே ஓர் ஏரியை மட்டும் தனியாகச் சோதித்து ‘நலம்’ என்று சொல்வது அரைகுறை வேலை. வரத்துக் கால்வாயில் நடந்து போய்ப் பார்க்காதவர் ஏரியைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்க வேண்டும். வற்றிய ஏரி நோயாளி அல்ல. இந்த ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பாசனத்துக்கு இறைத்து, கோடையில் வெடிப்பு விடும்படி கட்டப்பட்டவை. காய்ந்த சேற்றுக்குள் விரால் புதைந்து கிடக்கும், அல்லிக் கிழங்கு உறங்கும். வெடிப்பின் வழியே காற்று இறங்கி, மக்காத கழிவை மக்கவைக்கும். எந்தக் கோடையிலும் வற்றாமல், மதகைத் திறக்காமலே ஒரே மட்டத்தில் நிற்கும் ஏரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கத்து அடுக்குமாடிகளின் கழிவுநீர் அதை நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

தண்ணீரின் உடல்நிலையைச் சொல்வதில் கரைந்த ஆக்சிஜன் முக்கியம். மீனும் மற்ற நீர்வாழ் உயிர்களும் பிழைக்க லிட்டருக்கு குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்திருக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் அளப்பது? சாக்கடை கலந்த ஏரியில் பாசி பெருகியிருக்கும். பகல் முழுக்க வெயிலில் அது ஆக்சிஜனை உற்பத்தி செய்யும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் 8, 9 என்றுகூட அளவு காட்டும். அறிக்கையில் ஏரி ஆரோக்கியம். இரவில் அதே பாசி, பாக்டீரியாவோடு சேர்ந்து ஆக்சிஜனைக் குடிக்க ஆரம்பிக்கும். விடியும் முன் ஒன்றுகூட மிஞ்சாது. அந்த நேரத்தில் கரையில் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். மாதிரி எடுக்க வேண்டியது விடிகாலை ஐந்தரை மணிக்கு. அதற்குக் கருவி வேண்டாம் என்பவர்கள் வலை போடுகிறவரிடம் கேட்கலாம்.

அவரிடம் கேட்கும்போது கவனமாகக் கேட்க வேண்டும். ‘மீன் நிறைய விழுகிறதா’ என்பது தப்பான கேள்வி. விரால், குரவை, தேளி மூன்றும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கத் தெரிந்தவை. தண்ணீரில் ஆக்சிஜன் செத்த பிறகும் அவை இருக்கும். விரால் நல்ல விலை போகிற மீன் என்பதால் பிடிப்பவருக்கு மகிழ்ச்சி. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும் அழுக்குக்கு அஞ்சாது. கெண்டைக் குஞ்சும் அயிரையும் கெளுத்தியும் வலையில் வருகிறதா என்று கேட்டால்தான் ஏரியின் நிலவரம் தெரியும். அமெரிக்காவின் ஜேம்ஸ் கார் 1981-ல் இந்த யோசனையை முறைப்படுத்தினார். எத்தனை இன மீன், அழுக்கு தாங்காதவை எத்தனை, தாங்குபவை எவ்வளவு சதவீதம், புண்ணும் கட்டியும் உள்ளவை எவ்வளவு என்று 12 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1, 3 அல்லது 5. மொத்தம் 60. உலகமெங்கும் ஆறுகளையும் ஏரிகளையும் மதிப்பிட இன்றுவரை அவரவர் ஊர் மீனுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

மீனைவிடக் கையடக்கமான சாட்சி தட்டான். தட்டானின் இளம்பருவம் முழுக்க நீருக்குள்தான். வளர்ந்ததும் இரவிலோ விடியலிலோ கோரைத் தண்டில் ஏறி, முதுகு பிளந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். அந்தக் கூடு தண்டைக் கவ்வியபடியே இருக்கும். மண் நிறம், ஆறு காலும் அப்படியே. முதுகுப் பிளவில் வெள்ளை நூல் மாதிரி சில இழைகள் தொங்கும். அவை உள்ளே இருந்த மூச்சுக்குழாய்களின் உறை. பறக்கும் தட்டானைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆவணி, புரட்டாசியில் கூட்டமாகச் சுற்றும் தேசாந்திரித் தட்டான் மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிற பயணி என்று சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009-ல் எடுத்துக்காட்டினார். அது உங்கள் ஏரிக்கு ஜாமீன் கொடுக்காது. கழற்றிய சட்டை கொடுக்கும்: ‘இந்தத் தண்ணீரில்தான் பிறந்தேன், இதிலேயே வளர்ந்து முடித்தேன்.’ கரையோரம் சட்டைகள் பல வடிவில் கிடைத்தால் நல்லது. அதற்குப் பதில் சேற்றை அள்ளினால் சிவப்புச் சிவப்பாய்ப் புழு மட்டும் நெளிகிறதென்றால், அது நம்மைப் போலவே ஹீமோகுளோபின் வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சமாளிக்கும் கொசு உறவுக்காரப் பூச்சியின் புழு. ஏரிக்கு அது நல்ல சேதி அல்ல.

எந்த அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கக்கூடாது என்பதற்கு உதாரணமாக வேடந்தாங்கல் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான கொக்கும் நாரையும் எச்சமிடுவதால் அந்த ஏரித் தண்ணீரில் நைட்ரஜன் கூடுதல். வேறோர் ஏரியில் அந்த அளவைக் கண்டால் சாக்கடை என்போம். அங்கே விவசாயிகள் அதை உரத் தண்ணீராக வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள், அதற்காகவே பறவையை வேட்டைக்காரர்களிடமிருந்து காத்தார்கள். 1798-ல் அன்றைய கலெக்டர் லியோனல் பிளேஸ் அந்த விவசாயிகளுக்குப் பாதுகாப்பு ஆணை கொடுத்த வரலாறு உண்டு.

கண்ணில் படாத நஞ்சும் இருக்கிறது. முலாம் பூசும் தொழிலில் பயன்படும் குரோமியம், நிக்கல், துத்தநாகம் தண்ணீரில் கலந்தால் நாற்றமில்லை. அவை சேற்றில் போய்த் தங்கும். சேற்றை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் அதைச் சொல்ல முடியாது. ஆனால் வேதியியல் சோதனையும், எதைத் தேடுகிறோமோ அதைத்தான் காட்டும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மழை பெய்த மறுநாள் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. பல வருஷம் காரணம் பிடிபடவில்லை. 2020-ல்தான் கண்டுபிடித்தார்கள்: டயர் ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் 6-பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாக மாறி, சாலைத் தூசியோடு ஓடையில் இறங்கியிருக்கிறது. அதுவரை எந்தப் பட்டியலிலும் அந்த நஞ்சின் பெயர் இல்லை. மீனுக்கு மீன் அதன் வீரியம் மாறுபடுகிறது. லாரியும் டயரும் காருமே தொழிலாக இருக்கும் ஒரு வட்டாரம் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் சொன்னது கருவி அல்ல, செத்த மீன்.

இதற்கெல்லாம் மேலே, ஏரிக்கு நீர் தரும் நிலம். நீர்ப்பிடிப்புப் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு கான்கிரீட்டாலும் தாராலும் மூடப்பட்டாலே ஓடையின் உயிர்கள் நலிய ஆரம்பிக்கின்றன என்று அமெரிக்க ஓடைகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. மழை மண்ணில் இறங்காமல் ஒரே மூச்சில் ஓடிவரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசினோம். அந்த ஊர்களுக்கு மேலே மணிமங்கலம், ஆதனூர் பக்கமிருந்து ஏரிச் சங்கிலி வழியாக இறங்கிய நீரைப் பற்றிக் குறைவாகத்தான் பேசினோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. மகிந்திரா வேர்ல்ட் சிட்டி 2002. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010. வேலைக்கு வந்து இங்கேயே வீடு கட்டியவர்களில் பலருக்கு, வந்த வருஷம் பார்த்த நிலம்தான் ‘இயற்கை’. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட சீரழிவையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வதை டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் எழுதினார். அதற்கு மருந்து பழைய ஆட்களின் ஞாபகம். எந்த மேட்டில் களாப்பழம் பறித்தார்கள், எந்த ஏரியில் அயிரை பிடித்தார்கள், எந்தக் கால்வாய் எந்த வருஷம் மூடியது என்பதை அவர்களைக் கேட்டு எழுதி வைத்தால், அதுவும் ஓர் அளவீடு. ஆய்வகத்தில் கிடைக்காத அளவீடு.

இதை எழுத ஒரு நோட்டு சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு வைக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனதால், 2020 ஜனவரி 31-க்குள் முடித்தாக வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடுவுக்காக எழுதிய நோட்டில் வேப்பமரமும் ஆலமரமும் இருக்கும். காயாவும் அயிரையும் தட்டானும் இருக்குமா என்பதுதான் கேள்வி. பறவைப் பக்கத்தை நிரப்ப, 2015 முதல் ஒவ்வொரு தையிலும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு இல்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். உங்கள் ஊர் ஊராட்சியாக இருந்தால் அன்றைக்குப் போய், ‘எங்கள் ஊர் உயிர்ப்பன்மைப் பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நகர்ப்புறமாக இருந்தால் பகுதி சபையில் கேளுங்கள். காட்டினால் படித்துவிட்டு, விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். காட்டாவிட்டால், காட்டவில்லை என்பதையே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.